டிரோனுக்குள் எது நம்முடையது?

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம், "வரும்போது ஒரு டிரோன் வாங்கிட்டு வாங்க, அங்கே விலை கம்மி" என்று சொல்லத் தோன்றுகிறதா? சொல்லாதீர்கள். வெளிநாட்டில் செய்த டிரோனை இந்தியாவுக்குள் கொண்டுவர 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. கல்யாண வீட்டில் படம் எடுக்கும் சின்ன டிரோனுக்கும், வயலில் மருந்து தெளிக்கும் பெரிய டிரோனுக்கும் ஒரே விதிதான். விமான நிலையச் சுங்கத்தில் சிக்கினால் பொருள் கைவிட்டுப் போகும்.

தடை வந்து சில ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்கிடையே பெங்களூரிலும் சென்னையிலும் டிரோன் நிறுவனங்கள் வளர்ந்திருக்கின்றன. வயலில், எல்லையில், நில அளவையில் என்று எங்கும் 'இந்தியத் தயாரிப்பு' டிரோன்கள் பறக்கின்றன. அப்படியானால் நாம் சொந்தக் காலில் நிற்கிறோமா? பாதி நிற்கிறோம். மீதிப் பாதி எங்கே சிக்கியிருக்கிறது என்பதை ஒரு டிரோனைப் பிரித்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

எதற்குத் தடை, எதற்கு இல்லை?

தடையை விதித்தது ஒன்றிய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். முழுதாகப் பூட்டிய டிரோன், பாதி பிரித்த டிரோன், முழுக்கப் பிரித்துப் பெட்டியில் அடுக்கிய டிரோன் ஆகிய மூன்றையுமே இறக்குமதி செய்யக் கூடாது என்கிறது அதன் அறிவிப்பு. பிரித்த டிரோனையும் சேர்த்ததில் காரணம் இருக்கிறது. பெட்டியில் வந்ததை எடுத்து நாலு திருகு முடுக்கி, மேலே இந்தியப் பெயரை ஒட்டி விற்கும் குறுக்கு வழியை அடைக்க வேண்டியிருந்தது.

ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அரசு அமைப்புகளும், அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும், ஆய்வுக்காக வாங்கும் டிரோன் தயாரிப்பாளர்களும் உரிய அனுமதி பெற்று வாங்கலாம்.

அடுத்து வருவதுதான் முக்கியம். உதிரிபாகங்களை இறக்குமதி செய்ய எந்த அனுமதியும் தேவையில்லை. மோட்டார், பேட்டரி, கேமரா, கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் தடையில்லாமல் வரலாம். சமைத்த சாப்பாட்டை வெளியே வாங்கக் கூடாது, மளிகையை எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது மாதிரியான விதி இது.

2022ல் அது நியாயமான முடிவுதான். அன்று உதிரிபாகங்களையும் நிறுத்தியிருந்தால் உள்நாட்டு நிறுவனங்கள் ஒரு டிரோனைக்கூட விற்றிருக்க முடியாது. முதலில் பூட்டப் பழகட்டும், பிறகு பாகங்களையும் செய்யட்டும் என்பது அரசின் கணக்கு. முதல் படியில் ஏறிவிட்டோம். இரண்டாவது படி ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறது.

இந்தத் தடை ஏன் வந்தது?

டிரோன் விஷயத்தில் நம் அரசு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வந்திருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2014 அக்டோபரில் பொதுமக்கள் டிரோன் பறக்கவிடுவதையே நிறுத்தி வைத்தது. 2018 டிசம்பரில்தான் முதல் முறையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2021 மார்ச்சில் வந்த விதிகளில் படிவங்களே 25 இருந்தன. கட்டண வகைகள் 72. தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் கொதித்துப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 25ல் புதிய டிரோன் விதிகள் வந்தன. படிவம் 5, கட்டண வகை 4 என்று எல்லாம் சுருங்கியது. உள்ளூர்க்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டு டிரோனுக்குக் கதவு மூடப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அரசின் நோக்கம் தெரியும்.

நோக்கம் இரண்டு. முதலாவது பாதுகாப்பு. டிரோன் என்பது பறக்கும் கேமரா. எங்கே பறந்தது, எவ்வளவு உயரத்தில் பறந்தது, எதைப் படம் எடுத்தது என்று எல்லாவற்றையும் பதிந்து வைக்கிறது. 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வமித்வா திட்டத்தில் கிராமத்து வீட்டு மனைகளை அளந்தது டிரோன்கள்தான். கர்நாடகமும் அதன் முதல் கட்டத்திலேயே சேர்ந்த மாநிலம். லட்சக்கணக்கான கிராமங்களின் துல்லியமான வரைபடம் இப்படித்தான் கிடைத்தது. இத்தகைய தகவல் எந்த நாட்டுக் கணினியில் போய் உட்காருகிறது, டிரோனின் மென்பொருளை யார் எங்கிருந்து மாற்றுகிறார்கள் என்பது அற்பமான கேள்வி இல்லை.

இரண்டாவது தொழில். உலகச் சந்தையில் சிவில் டிரோன் என்றாலே சீனாவின் ஷென்சென் நகரத்து டிஜேஐ நிறுவனம்தான் நினைவுக்கு வரும். அதன் விலைக்கும் தரத்துக்கும் ஈடுகொடுக்க அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களே திணறின. அந்தப் போட்டியில் நேற்றுப் பிறந்த இந்திய நிறுவனத்தை இறக்கிவிட்டால் ஓராண்டு தாங்காது. தடை என்பது அவர்கள் மூச்சுவிடக் கிடைத்த அவகாசம்.

இப்போது அமெரிக்காவும் இதே வழியில் போகிறது. அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் 2025 டிசம்பரில் வெளிநாட்டு டிரோன்களையும் அவற்றின் முக்கியப் பாகங்களையும் பாதுகாப்புக்கு ஆபத்தானவற்றின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்த பொருளின் புதிய மாடலுக்கு அங்கே அனுமதி கிடைக்காது. ஏற்கெனவே அனுமதி பெற்றதை வைத்திருப்பவர்கள் பறக்கவிடலாம். டிரோனை நிறுத்தி உதிரிபாகங்களை விட்டுவிட்ட நம் அறிவிப்பைவிட இது ஒரு படி மேலே போய்ப் பாகங்களையும் தொடுகிறது.

வாங்குபவர் மட்டும்தான் கதவை மூடுவார் என்பதில்லை, விற்பவரும் மூடலாம். 2023 செப்டம்பர் 1 முதல் சில வகை டிரோன்கள், என்ஜின்கள், அகச்சிவப்புக் கருவிகள், தொடர்புக் கருவிகள் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. காந்தத்துக்கும் டிரோனுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஒரு மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு டிரோனைப் பிரித்தால்

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சாமான் என்றால் எஸ்.பி. ரோடு. சிட்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நெரிசலான அந்தத் தெருவில், ஆள் நிற்கவே இடமில்லாத கடைகளில் டிரோன் பாகங்கள் கிடைக்கும். பொறியியல் மாணவர்கள் பட்டியல் எழுதிய தாளோடு நிற்பார்கள். அங்கே ஒரு மோட்டாரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும். உடம்பில் 2212 என்று எழுதியிருக்கும். உள்ளே கம்பி சுற்றிய பகுதியின் விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12 மில்லிமீட்டர் என்று பொருள். பக்கத்தில் 920 கேவி என்றிருந்தால், ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு 920 சுற்று சுற்றும். தண்டை விரலால் மெல்லத் திருப்பினால் வழவழவென்று சுற்றாது, விட்டுவிட்டுப் பிடிக்கும். பிடிப்பது ஓட்டின் உள்பக்கம் வரிசையாக ஒட்டியிருக்கும் காந்தங்கள். இரும்பு, போரானோடு நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் சேர்ந்த காந்தங்கள் அவை. அதிகச் சூட்டிலும் வலு குறையாமல் இருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் சேர்ப்பார்கள். இந்த இரண்டும் சீனாவின் அந்த ஏழு தனிமப் பட்டியலில் இருப்பவை.

மோட்டாரின் ஓட்டைக் கடைந்தெடுப்பதோ கம்பி சுற்றுவதோ நமக்குப் பெரிய வேலை இல்லை. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையிலும் கோயம்புத்தூரிலும் அதைவிட நுணுக்கமான வேலையைத் தினமும் செய்கிறார்கள். காந்தம்தான் சிக்கல்.

அடுத்தது பேட்டரி. லித்தியம் பாலிமர் செல் ஒன்று சராசரியாக 3.7 வோல்ட் தரும். ஆறு செல்லைத் தொடராக இணைத்தால் 22.2 வோல்ட். செல்களை அடுக்கி, பற்றவைத்து, உறை போட்டு, பாதுகாப்புச் சுற்று வைத்து பேட்டரியாக்குவது இங்கே நன்றாகவே நடக்கிறது. செல் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. செல் தயாரிப்புக்கு 2021ல் அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. ஆனால் அதன் குறி மின்சார வாகனமும் மின் சேமிப்பும். நொடியில் முழு ஆற்றலையும் கொட்ட வேண்டிய, எடை குறைந்த டிரோன் செல்லுக்குத் தேவை வேறு. அந்தச் சந்தை சிறியது. பெரிய ஆலைக்காரர் அதன் பக்கம் எளிதில் திரும்ப மாட்டார்.

மூன்றாவது மூளை. சாய்வு, வேகம், உயரம், திசை ஆகியவற்றை உணரும் சில்லுகளும் அவற்றைப் படித்து நான்கு மோட்டாருக்கும் நொடிக்குப் பல நூறு முறை கட்டளை கொடுக்கும் செயலியும் கொண்ட பலகை இது. பலகையை வரைவதிலும் அதற்கான மென்பொருள் எழுதுவதிலும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். சென்னையின் ஜுப்பா போன்ற நிறுவனங்கள் சொந்தமாகவே பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவி செய்கின்றன. பலகையில் உட்காரும் சில்லுகள் வெளிநாட்டவை. ஆனாலும் மென்பொருள் நம்முடையதாக இருந்தால் டிரோனின் பிடி நம் கையில் இருக்கும். இருப்பதிலேயே பாதுகாப்புக்கு முக்கியமான பாகம் இதுதான்.

நான்காவது கண். சாதாரணக் கேமராவின் உணரி இறக்குமதிதான். இரவில் வெப்பத்தை வைத்துப் பார்க்கும் கேமராக்களைப் பொறுத்தவரை பெங்களூரின் டோன்போ இமேஜிங் போன்ற நிறுவனங்கள் இருப்பது ஆறுதல். சட்டகம், கால், இறக்கை, மருந்துத் தொட்டி, தெளிப்புக் குழாய் எல்லாம் உள்நாட்டிலேயே முடிகிற காரியங்கள்.

ஆக, வடிவமைப்பு, மென்பொருள், சட்டகம், பூட்டுதல், சோதனை ஆகியவை நம் பக்கம். காந்தம், செல், சில்லு, உணரி வெளிப் பக்கம். இந்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்பதுதான் தடையின் வெற்றியைச் சொல்லும் ஒரே அளவுகோல்.

பெங்களூரின் கையிருப்பு

பெங்களூர் டிரோனுக்குப் புதிய ஊர் இல்லை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழுள்ள விமானவியல் மேம்பாட்டு நிறுவனம் 1959லிருந்து இங்கே இருக்கிறது. பீரங்கிப் படையினரும் விமானிகளும் சுட்டுப் பழக 'லக்ஷ்யா' என்ற ஆளில்லா இலக்கு விமானத்தையும், உளவு பார்க்க 'நிஷாந்த்' விமானத்தையும் செய்தது அந்த நிறுவனம்தான். பின்னால் வந்த 'ருஸ்தம்' விமானத்துக்கு, இதே ஊரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் இலகு விமானம் வடிவமைத்த ருஸ்தம் தமானியாவின் பெயரை வைத்தார்கள். சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் இவற்றைப் பறக்கவிட்டுச் சோதிக்கத் தனி ஓடுதளமே இருக்கிறது.

இந்தப் பாதையில் தோல்வியும் உண்டு. 'தபஸ்' என்ற பெரிய டிரோன் 30,000 அடி உயரத்தில் 24 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது இலக்கு. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகும் அதை முழுதாக எட்ட முடியவில்லை. ஆனாலும் அந்தத் திட்டங்களில் வேலை பார்த்துப் பழகியவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். எச்ஏஎல், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்), இந்திய அறிவியல் கழகம் எல்லாம் ஒரே நகரத்தில் இருப்பதால், காற்றியக்கம் தெரிந்தவரும் ரேடியோ தெரிந்தவரும் மென்பொருள் தெரிந்தவரும் ஒரே வீதியில் கிடைப்பார்கள். அந்த வசதி வேறு எந்த இந்திய நகரத்துக்கும் இவ்வளவு இல்லை.

இதிலிருந்து வளர்ந்தவைதான் இன்றைய நிறுவனங்கள். 2011ல் தொடங்கிய ஆஸ்டீரியா ஏரோஸ்பேஸ் கண்காணிப்பு டிரோன்கள் செய்கிறது. பின்னாளில் அதன் பெரும்பங்கை ரிலையன்ஸ் குழுமம் வாங்கியது. விமானப்படையில் இருந்தவர் உட்பட இருவர் தொடங்கிய நியூஸ்பேஸ் நிறுவனம் கூட்டமாகச் சேர்ந்து பறக்கும் டிரோன்களை ராணுவத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஜெனரல் ஏரோநாட்டிக்ஸ் வயலுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் செய்கிறது. இஸ்ரேலின் எல்பிட் வடிவமைத்த 'ஸ்கைஸ்ட்ரைக்கர்' என்ற தாக்குதல் டிரோன் பெங்களூரின் ஆல்ஃபா டிசைனோடு சேர்ந்து இங்கே தயாராகிறது. 2025 மே மாத சிந்தூர் நடவடிக்கைக்குப் பிறகு அந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. வடிவமைப்பு வெளிநாட்டுடையது, தயாரிப்பு நம்முடையது என்பதையும் சேர்த்தே அதைப் பார்க்க வேண்டும்.

போர்க்களத்தை விட்டுவிட்டு ஒரு சின்னக் காட்சி. 2021 நவம்பரில் தேசிய விண்வெளி ஆய்வகம் தன் எட்டு இறக்கை டிரோனில் 50 குப்பி கொரோனா தடுப்பூசியையும் ஊசிக் குழல்களையும் குளிர் காக்கும் பெட்டியில் வைத்து அனுப்பியது. புறப்பட்டது ஆனேக்கல் பக்கத்துச் சந்தாபுரா ஆரம்ப சுகாதார நிலையம். இறங்கியது ஹாரகத்தே ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு வழி ஏறத்தாழ 7 கிலோமீட்டர், 10 நிமிடம். பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. ஒசூர் ரோடு நெரிசலை ஒரு முறையேனும் அனுபவித்தவருக்கு அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும். அதே ஆண்டு ஜூனில் கவுரிபிதனூரில் த்ராட்டில் ஏரோஸ்பேஸ், நாராயணா ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தோடு சேர்ந்து கண்பார்வைக்கு அப்பால் மருந்து அனுப்பும் சோதனைகளை நடத்தியது.

டிரோன் என்றதும் குண்டும் போரும் மட்டும் நினைவுக்கு வரும் காலத்தில் ஹாரகத்தேயை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மலைக் கிராமத்துக்குப் போகும் ரத்தப் பையும், பாம்புக்கடி மருந்தும் இந்தத் தொழிலின் முழுப் பயன். அதற்கு வேண்டிய டிரோன் மலிவாகவும், பழுதானால் பக்கத்து ஊரிலேயே சரிசெய்யக் கூடியதாகவும் இருக்க வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பு வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த நியாயம் அதுதான்.

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் ஒசூர். கர்நாடகத்தின் மென்பொருளும் தமிழ்நாட்டின் பட்டறைகளும் சந்திக்கிற இடம் இது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஒசூரும் ஒன்று; சென்னை, கோவை, சேலம், திருச்சி மற்ற நான்கு. குரோம்பேட்டை எம்ஐடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆய்வு மையம் நீண்ட காலமாக டிரோன் செய்து பறக்கவிடுகிறது. விவசாய டிரோனுக்கு முதலில் வகைச் சான்றிதழ் பெற்றவர்களில் சென்னையின் கருடா ஏரோஸ்பேஸும் உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் டிரோன்களுக்கான பொதுச் சோதனை மையத்துக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. சோதனைக்காக ஒவ்வொரு முறையும் வடக்கே ஓட வேண்டியிராத நிலை சிறு நிறுவனங்களுக்குப் பெரிய விடுதலை.

காந்தத்தின் கதையும் தமிழ்நாட்டுக் கரையில்தான் ஒரு முனையைத் தொடுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் ஒன்றிய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து மோனசைட் உள்ளிட்ட கனிமங்களைப் பிரிக்கிறது. அரிய மண் தனிமங்கள் அந்த மோனசைட்டில் இருக்கின்றன. 2025 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை, ஆண்டுக்கு 6,000 டன் அரிய மண் காந்தம் தயாரிக்கும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கனிமம் இருப்பதும் காந்தம் செய்வதும் ஒன்றல்ல. பிரித்து, சுத்தமாக்கி, உலோகமாக்கி, பொடித்து, அழுத்தி, சுட்டெடுக்கும் தொடர் முழுதும் இங்கே அமைய வேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

மணலைத் தோண்டும் ஊரில் மக்கள் வாழ்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் புதிதாகக் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைக் கடலோர மீனவ மக்கள் கடுமையாக எதிர்த்திருக்கிறார்கள். கதிர்வீச்சும் கடலரிப்பும் அவர்கள் கவலை. தற்சார்பு என்ற பெயரில் அந்தக் கவலையைத் தள்ளிவிட்டு ஓடினால், டெல்லியில் கிடைக்கும் பெருமைக்கு முட்டம், மண்டைக்காடு போன்ற அந்த மாவட்டத்துக் கடலோர ஊர்கள் விலை கொடுக்கும். அது நியாயமில்லை.

அரசு என்ன கொடுத்தது?

தடையோடு சில ஊக்கங்களும் வந்தன. 2021 செப்டம்பரில் டிரோனுக்கும் அதன் பாகங்களுக்கும் 120 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தை அரசு அறிவித்தது. மூன்று நிதியாண்டு, உள்நாட்டில் கூட்டிய மதிப்பில் 20 சதவீதம் ஊக்கத்தொகை. 12 டிரோன் நிறுவனங்களும் 11 பாகத் தயாரிப்பாளர்களுமாக 23 பேர் தேர்வானார்கள். தகுதி பெற விற்பனையில் குறைந்தது 40 சதவீதம் உள்நாட்டில் கூட்டிய மதிப்பாக இருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை. இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்ச ரூபாய் டிரோனில் 6 லட்சத்துக்குப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாலும் தேறிவிடும். தொடக்கத்துக்கு அது போதும். அடுத்த திட்டத்தில் அந்த வரம்பு ஏற வேண்டும்.

நமோ டிரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு டிரோன் கொடுக்க 1,261 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம். உற்பத்தியாளருக்குப் பணம் கொடுப்பதைவிட அவர் பொருளுக்கு வாடிக்கையாளரை உருவாக்குவது நல்ல வழி. முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தை மூச்சோடு இழுக்கும் வேலையிலிருந்து கூலித் தொழிலாளிக்கும் விடுதலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிரோனுக்கான ஜிஎஸ்டி ஒரே சீராக 5 சதவீதம் ஆனது. அதற்கு முன் வகைக்கேற்ப 18ம் 28ம் இருந்தன.

எங்கே இடிக்கிறது?

2025 பிப்ரவரியில் ராணுவம் 400 சரக்கு டிரோன்களுக்கான மூன்று ஒப்பந்தங்களை ரத்து செய்த செய்தி வந்தது. மதிப்பு 230 கோடி ரூபாய்க்கு மேல். உள்ளே சீனப் பாகங்கள் இருந்ததுதான் காரணம். ராணுவ டிரோனில் சீனப் பாகம் கூடாது என்ற நிபந்தனை ஏற்கெனவே இருந்தும் இது நடந்தது. சந்தையில் வாங்கும் ஒரு சில்லோ ரேடியோவோ எங்கே பிறந்தது என்பதை அடி முதல் நுனி வரை தேடிச் சொல்வது சுலபமில்லை. மூன்றாம் நாடு வழியாகப் பெயர் மாறி வரும் பாகமும் உண்டு. ஆகவே பாகத்தின் பிறப்பிடத்தைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு வேண்டும். தயாரிப்பாளரின் கையெழுத்து மட்டும் போதாது.

இன்னொரு இடி விலை. சீனப் பாகத்தைத் தவிர்த்தால் டிரோனின் விலை ஏறும். ஆனால் அரசு டெண்டர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற பழக்கம் ஆழமாக இருக்கிறது. உள்நாட்டுப் பாகம் போட்டுச் செய்தவர் தோற்று, இறக்குமதிப் பாகம் போட்டவர் ஜெயிக்கிற டெண்டரை அரசே நடத்தினால் எந்த ஊக்கத்தொகையும் உதவாது.

மூன்றாவது இடி ஒழுங்கற்ற ஆர்டர். அவசரத் தேவை வந்தால் மொத்தமாகக் கேட்பார்கள், பிறகு ஓராண்டு சத்தமே இருக்காது. மோட்டார் செய்யும் சிறு தொழிலதிபர் இயந்திரம் வாங்க வங்கியில் கடன் எடுக்கிறார். மாதா மாதம் தவணை கட்ட வேண்டியவருக்கு மாதா மாதம் ஆர்டர் வேண்டும். மூன்று ஆண்டுக்கு இத்தனை வாங்குவோம் என்ற எழுத்து உறுதி கிடைத்தால் பீன்யாவிலும் ஒசூரிலும் கோவையிலும் அவர்களே முதலீடு செய்வார்கள்.

நீங்கள் டிரோன் வாங்கப் போகிறீர்களா?

விற்பவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் இருக்கிறதா? பதிவெண் என் பெயருக்கு வருமா? பேட்டரியும் மோட்டாரும் பழுதானால் மாற்றுப் பாகம் எத்தனை நாளில், எங்கிருந்து வரும்? மென்பொருளை யார் எழுதினார்கள், படமும் தடமும் எந்த நாட்டுக் கணினியில் சேமிக்கப்படுகின்றன? கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் தருபவரே நம்பத் தகுந்தவர். ரசீதும் பதிவெண்ணும் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் வெளிநாட்டு டிரோனைத் தொடாதீர்கள்.

வாங்கிய பிறகும் விதிகள் உண்டு. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது என்று எடை வைத்து வகை பிரிக்கிறார்கள். நானோவுக்கும், வருமானத்துக்கு அல்லாமல் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டாம். கல்யாணத்தில் பணம் வாங்கிக்கொண்டு மைக்ரோ டிரோனில் படம் எடுப்பவருக்குச் சான்றிதழ் கட்டாயம். வான்வெளியையும் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அந்த வரம்பு 200 அடி. மஞ்சள் மண்டலத்துக்கு அனுமதி வேண்டும், சிவப்பில் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. எச்ஏஎல், எலஹங்கா, தேவனஹள்ளி என்று ஓடுதளங்கள் சூழ்ந்த பெங்களூரில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இந்த மண்டலங்களின் வரைபடத்தைப் பார்க்காமல் மொட்டை மாடியில் ஏறக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இனி எதைப் பார்க்க வேண்டும்?

'இந்தியா இத்தனை ஆயிரம் டிரோன் தயாரித்தது' என்ற செய்தி வரும்போது அதோடு மூன்று விவரங்களைத் தேடுங்கள். காந்தம் முதல் மோட்டார் வரை உள்நாட்டில் முடிந்ததா? டிரோனுக்கேற்ற செல் செய்ய யாராவது முன்வந்தார்களா? அரசு டெண்டரில் பாகங்களின் பிறப்பிடத்துக்கு மதிப்பெண் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வரும் நாளில் இறக்குமதித் தடையையே எடுத்துவிடலாம். நம் டிரோன் யாரோடும் போட்டி போடும்.

அதுவரை தடை தேவை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் கூடுதல் பணம் கொட்டி வாங்கும் விவசாயி, புகைப்படக் கலைஞர், மாணவர். அவர்கள் தியாகத்தில் கிடைத்த அவகாசம் இது. அதை வெறும் பூட்டும் தொழிலாகவே கழித்துவிட்டால் ஷென்சென்னுக்குப் போகும் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த அவகாசத்தில் காந்தமும் செல்லும் செய்யப் பழக வேண்டிய கடமை அரசுக்கும் உண்டு, ஊக்கத்தொகை வாங்கிய நிறுவனங்களுக்கும் உண்டு. அவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.